எவோதியாளையும் சிந்திகேயாளையும் மறந்தோம்

புதுவருஷ ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நம் கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். வீட்டுக்கு வந்தால் சுவரில் வசனக் காலண்டர். இரண்டிலும் அடிக்கடி இடம்பிடிக்கும் வசனங்களில் ஒன்று, பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரம் ஏழாம் வசனம். மனித அறிவால் அளந்துவிட முடியாத ஒரு சமாதானம் தேவனிடமிருந்து வந்து நம் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்று சொல்லும் வசனம் அது. ஆராதனையின் முடிவில் போதகர் கையை உயர்த்திக் கூறும் ஆசீர்வாதத்திலும் அதே வாக்குதான். பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும், ஆபரேஷனுக்குக் காத்துக் கிடக்கும் பெரியவருக்கும், வேலை பறிபோன தம்பிக்கும் நாம் சொல்லி அனுப்புவது இதைத்தான். எத்தனையோ பேரை அது தாங்கியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை நம்மில் எத்தனை பேர் மனப்பாடமாகச் சொல்வோம்? அங்கே இரண்டு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. எவோதியாள், சிந்திகேயாள். இருவருமே பவுலோடு தோள்கொடுத்து சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள். சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்கள் அல்ல, சபையின் தூண்கள். இருவருக்கும் நடுவே ஏதோ மனஸ்தாபம். பவுல் காரணத்தைச் சொல்லவில்லை, யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பும் எழுதவில்லை. இருவரையும் தனித்தனியே பெயர் சொல்லி அழைத்து, ஆண்டவருக்குள் ஒருமனப்படும்படி கேட்கிறார். அதோடு விட்டுவிடாமல், அடுத்த வசனத்தில் உடனுழைப்பாளி ஒருவரிடம் அந்தப் பெண்களுக்குத் துணையாக இரு என்று வேண்டிக்கொள்கிறார். அந்தக் காலத்தில் நிருபங்கள் சபை கூடியிருக்கும்போது எல்லாரும் கேட்க உரக்க வாசிக்கப்பட்டவை. அந்த இரண்டு பெயர்களும் வாசிக்கப்பட்ட நேரத்தில் சபை கூடியிருந்த வீட்டுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார்க்க வேண்டும். சண்டை சபைக்குத் தெரிந்ததுதான். பவுல் அதை மூடிவைக்கவில்லை.

எழுதியவர் அப்போது சிறையில் இருந்தார். தன் வழக்கு எப்படி முடியும், உயிரோடு வெளியே வருவோமா என்றே தெரியாத நிலை. சண்டையைப் பற்றி இரண்டாம் வசனத்தில் பேசிவிட்டு, மூச்சு விடுவதற்குள் ஏழாம் வசனத்தில் சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் ஒரே பேச்சு. நாம்தான் ஏழாவதை மட்டும் தனியே எடுத்துச் சுவரில் மாட்டிக்கொண்டோம்.

அப்படிப் பிரித்ததில் தேவ சமாதானம் என்பது அவரவர் நெஞ்சுக்குள் நடக்கும் தனிப்பட்ட காரியமாகச் சுருங்கிப்போனது. படபடப்பு அடங்கினால் சமாதானம், இரவில் தூக்கம் வந்தால் சமாதானம் என்று வைத்துக்கொண்டோம். கூடப்பிறந்தவனோடு வருஷக்கணக்கில் பேச்சு இல்லாமல் இருந்தாலும் இந்தச் சமாதானத்துக்கு ஒரு குறைவும் வராது என்று நம்பினோம். சாட்சி சொல்ல எழுந்து நிற்கும்போதுகூட, வியாதியில் கர்த்தர் சமாதானம் தந்தார், கடனில் சமாதானம் தந்தார் என்றுதான் சொல்கிறோம். மச்சானோடு பேசி ராசியானேன் என்ற சாட்சியை நம் சபைகளில் கேட்பது அபூர்வம்.

நம் வழிபாட்டு முறையே இதற்கு எதிர்ச்சாட்சி. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவானது. அந்தச் சபை 1950ல் வெளியிட்ட திருவிருந்து ஒழுங்கில் ஒரு புது அம்சம் சேர்ந்தது. புதுசு என்றும் சொல்ல முடியாது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் காலங்காலமாகக் காத்துவந்த வழக்கம் அது. காணிக்கை படைக்கும் முன் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுத்துக்கொள்வது. கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேரும். இருவருடைய இடது கைகளும் அதன்மேல் மூடும். குருவானவரிடம் தொடங்கி, உதவி செய்கிறவர்கள் வழியாக இறங்கி, பெஞ்சு பெஞ்சாக அது பின்வாசல்வரை போகும். மேற்கத்திய சபைகள் தங்கள் வழிபாட்டைப் புதுப்பித்தபோது இந்தத் தென்னிந்திய முறையைக் கவனித்துக் கற்றுக்கொண்டன. உலகச் சபைக்கு நாம் கொடுத்த நன்கொடைகளில் இது ஒன்று.

இன்று நம்மிடம் அது என்ன ஆகியிருக்கிறது? பல இடங்களில் கை சேர்வதே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் நின்றபடி முன்னும் பின்னும் திரும்பி ஒரு கும்பிடு, அவ்வளவுதான். கை சேரும் சபைகளிலும் நாம் வழி கண்டுபிடித்திருக்கிறோம். யார் எங்கே உட்கார்வார் என்று தெரியும். பேச்சு இல்லாதவர் இடதுபக்கம் உட்கார்ந்தால் நாம் வலதுபக்கம் போய்விடுவோம். தப்பித்தவறி ஒரே பெஞ்சில் அமைந்துவிட்டால், அந்த நேரம் பார்த்துப் பாட்டுப் புத்தகத்தைத் தேடக் குனிவோம், அல்லது நடுவில் நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முடித்துவிடுவோம். பின்பு அதே வரிசையில் எழுந்து போய், அதே பாத்திரத்திலிருந்து வாங்கிக்கொள்வோம்.

நம் முன்னோர்கள் கையில் வைத்திருந்த ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் இதற்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. திருவிருந்தில் சேர விரும்புகிறவர்கள் முன்கூட்டியே குருவானவரிடம் பெயர் கொடுக்க வேண்டும். பகையும் வைராக்கியமும் இருப்பதாக அவர் அறிந்தால், ஒப்புரவாகும்வரை அந்த இருவரையும் பந்தியில் சேர்க்கக்கூடாது. ஒருவர் மனதார இறங்கிவந்து மற்றவர் பிடிவாதமாக மறுத்தால், இறங்கி வந்தவரைச் சேர்த்துக்கொண்டு மறுத்தவரை நிறுத்தி வைக்கலாம். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதைச் சபைச் சட்டமாகவே எழுதிவைத்திருந்தார்கள். அந்த விதியை யாரும் வந்து நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை. கேட்பதற்குச் சங்கடமாக இருந்தது, நாமே கேட்காமல் விட்டுவிட்டோம்.

நம் ஊர்களில் நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு. ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு வீடு, நடுவில் புதிதாக எழும்பிய ஒரு சுவர். போதகர் சந்திப்புக்கு வருகிறார், சேகரக் கமிட்டியில் இருக்கும் நாமும் கூடப் போகிறோம். அண்ணன் வீட்டில் நாற்காலி போடுகிறார்கள், காப்பி வருகிறது, ஒரு சங்கீதம் வாசிக்கிறோம், கர்த்தர் இந்த வீட்டுக்குச் சமாதானம் தரும்படி ஜெபிக்கிறோம். அப்புறம் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு, அடுத்த வாசல் வழியாகத் தம்பி வீட்டுக்குள் போகிறோம். அங்கேயும் நாற்காலி, காப்பி, சங்கீதம், ஜெபம். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வீட்டிலும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். இருவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தால் வார்த்தை தடிக்கும், யாராவது ஒருவர் நம்மேலேயே வருத்தப்படுவார், அடுத்த வருஷம் அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை வராமல் போகலாம். இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரிந்துதான் சுற்றிக்கொண்டு போகிறோம்.

கேட்க மாட்டோம், பேச மாட்டோம் என்று நாம் ஒதுங்கிய இடத்தில் நீதிமன்றம் வந்து உட்கார்ந்தது. சகோதரனுக்கு எதிராகச் சகோதரன் வழக்காடுவதைப் பற்றிக் கொரிந்து சபையாரிடம் பவுல் எவ்வளவு வருத்தத்தோடு பேசுகிறார் என்று நாம் வேதபாட வகுப்பில் படித்திருக்கிறோம். ஆனாலும் திருமண்டலத் தேர்தல் என்றால் வழக்கு, பள்ளி நிர்வாகம் என்றால் வழக்கு, சொத்து என்றால் வழக்கு. பேராயர்களையும் பொறுப்பில் இருப்பவர்களையும் கை காட்டுவது எளிது. ஓட்டுப் போட்டவர்கள் நாம். எந்த அணி, யார் நம்ம ஆள் என்று பார்த்துப் போட்டோம். எதிர் அணியைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த அவதூறு உண்மையா என்று ஒருவரிடமும் விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பினோம். அனுப்பிவிட்டு, அதே போனில் மறுநாள் காலை வாக்குத்தத்த வசனமும் அனுப்பினோம்.

இந்த மண்ணில் வேறு விதமாக நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள், அதை மறந்ததும் நம் குறைதான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சிலர் கூடினார்கள். பெரும்பாலும் இந்தியர்கள், வெவ்வேறு சபைப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912ல் தோர்ணக்கல்லின் பேராயரான வி.எஸ். அசரியா அவர்களில் முக்கியமானவர். ஆங்கிலிக்கன்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நின்ற சிக்கல் சின்னதல்ல. பேராயரின் கை வைக்கப்படாமல் குருத்துவம் பெற்றவரைக் குருவாக ஏற்கலாமா கூடாதா என்பது அவரவர் விசுவாசத்தின் அடிப்படையையே தொடும் கேள்வி. அதற்காக 28 வருஷம் பேசினார்கள். முறிந்துவிடும் என்ற நிலை வந்தபோதும் திரும்ப உட்கார்ந்தார்கள். கடைசியில், ஏற்கெனவே ஊழியம் செய்பவர்களுக்கு மறுபடி குருப்பட்டம் கொடுக்கத் தேவையில்லை என்று ஏற்றுக்கொண்டு ஒரே சபையானார்கள். அசரியா 1945 ஜனவரி 1 அன்று காலமானார், அந்த நாளைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தங்கள் வாழ்நாளில் முடியாமல் போகலாம் என்று தெரிந்தும் பேச்சைத் தொடர்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஒரு கமிட்டிக் கூட்டத்தில் கருத்து வேறுபாடு வந்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறோம்.

தரங்கம்பாடியில் கூடியவர்கள் தங்கள் பிரிவினைகள் வெளியிலிருந்து வந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று வருத்தப்பட்டார்கள். அது உண்மை. ஆனால் நம் சபைகளுக்குள் இன்னும் ஆழமாக ஓடும் ஒரு பிரிவினை எந்தக் கப்பலிலும் வந்து இறங்கவில்லை. சாதியை நாமே உள்ளே கொண்டுவந்தோம். 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அனுசரிப்பு கூடாது என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே விலகி நின்றார்கள். நாம் இன்றும் நெஞ்சுருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்தான். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது, அவரைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. அவ்வளவு பக்தி இருந்த இதயத்திலும் இது குடியிருந்தது என்றால், நம் இதயத்தில் இல்லை என்று நாம் எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1872ல் கட்டி முடித்த அந்தக் கோயில் பீடத்திலிருந்து இரண்டாகப் பிரியும் அமைப்பு கொண்டது. வெள்ளாளர் ஒரு பகுதியிலும் நாடார் மறு பகுதியிலும் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி நடுவில் சுவர். 1910ல் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டபோது வழக்கு தொடுத்தார்கள். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை போய், சாதி உரிமை கேட்டவர்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. கிறிஸ்துவே நம் சமாதானம், பிரிவினையாகிய நடுச்சுவரை அவர் இடித்துப்போட்டார் என்று எபேசியருக்கு எழுதின நிருபம் சொல்கிறது. அந்த நிருபம் கையில் இருக்கும்போதே நாம் சுவர் எழுப்பினோம். இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போனது. இரு பக்கமும் கிறிஸ்தவர்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே, செத்தவர்களுக்கு நடுவே, சுவர். கத்தோலிக்கர் கதை என்று சீர்திருத்த சபையார் நாம் ஒதுங்க வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதலில் கேட்கும் கேள்வி எது என்று நமக்குத் தெரியும்.

இங்கேதான் நாம் சமாதானத்தை மிகவும் தவறாகப் பயன்படுத்தினோம். தேர்வடம் பிடிக்க எங்களுக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டவர்களிடம், சமாதானமாய்ப் போங்கள், பிரச்சினை பண்ணாதீர்கள் என்றோம். புருஷன் அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வந்த பெண்ணிடம், பொறுமையாய் இரு, உபவாசித்து ஜெபம் பண்ணு, கர்த்தர் அவனை மாற்றுவார் என்று சொல்லி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினோம். அனுப்பியதற்குப் பெயர் ஆலோசனை. சமாதானம் என்ற பேரில் நாம் காப்பாற்றியது நம் நிம்மதியை. ஜனங்களின் காயத்தை மேல்பூச்சாகப் பூசிவிட்டு, சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்மேல் எரேமியா கோபப்பட்டார். அந்த அதிகாரம் நம் வாசக அட்டவணையில் வந்துபோகிறது, யாரையோ சொல்கிறார் என்று நினைத்துக் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்.

யோவான் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதுண்டு. உயிர்த்தெழுந்த அன்று மாலை. சீஷர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். வெளியே இருப்பவர்கள்மேல் பயம், அதோடு ஆண்டவரைத் தனியே விட்டு ஓடிய அவமானமும் அந்த அறையில் இருந்திருக்கும். இயேசு நடுவே நின்று சமாதானம் கூறுகிறார். கூறியதும் அவர் செய்கிற காரியம், தம் கைகளையும் விலாவையும் காட்டுவது. எல்லாம் முடிந்துவிட்டது, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அவர் காயத்தை மூடிக்கொள்ளவில்லை. குத்துப்பட்ட இடத்தைக் காட்டுகிறார். மறுபடியும் சமாதானம் கூறி, பிதா என்னை அனுப்பியதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன் என்கிற பொருளில் பேசி, மன்னிக்கும் பொறுப்பையும் ஒப்படைக்கிறார். எட்டு நாள் கழித்து, முதல் தடவை அங்கே இல்லாத, நம்ப மறுத்த தோமாவுக்காகத் திரும்ப வருகிறார். அந்த எட்டு நாளும் சந்தேகம் பேசிய ஒருவனை மற்றவர்கள் வெளியே தள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எனக்குப் புரிந்தவரை, போராட்டத்தின் நடுவில் தேவன் தரும் சமாதானம் இதுதான். காயத்தைப் பார்த்தால் நாம் சிதறிவிட மாட்டோம் என்ற தைரியம். குற்றம் நம்முடையது என்று தெரிந்தாலும் அவர் நம்மை விட்டுப் போகவில்லை என்ற உறுதி. அது இருந்தால், அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. பவுலால் சிறையில் இருந்துகொண்டு இரண்டு பெண்களின் மனஸ்தாபத்தைப் பற்றி நிதானமாக எழுத முடிந்ததும் அதனால்தான். பூட்டிய கதவுக்குள் சுகமாய் இருப்பதற்காக அது தரப்படவில்லை. கதவைத் திறந்துகொண்டு போவதற்காகத் தரப்பட்டது. நாம் அதை வாங்கிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டோம்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திருவிருந்து ஆராதனை எந்த ஞாயிறு என்று நமக்கு முன்பே தெரியும். முந்தின சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பகை எங்கே இருக்கிறது என்பதும் சபையில் எல்லாருக்கும் தெரியும். போக வேண்டியவர் போதகர் ஒருவர் மட்டும் அல்ல. பவுல் உதவி கேட்டது போதகரிடம்தான் என்று எங்கும் எழுதப்படவில்லை. இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, காயப்பட்டவரை முதலில் பேசவிட வேண்டும், அவர் பேசி முடிக்கும்வரை நாம் வசனம் சொல்லக் கூடாது. ஜெபம் கடைசியில் இருக்கட்டும். ஜெபத்தை முதலிலேயே வைத்துப் பேச்சை அடக்கிப் பழகிவிட்டோம். வீட்டில் அடிபடுகிற பெண்ணின் விஷயம் வேறு. அவளை அடித்தவனோடு சேர்த்து உட்காரவைப்பது ஒப்புரவாக்குதல் ஆகாது. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பயமில்லாமல் படுத்து உறங்க ஓர் இடம் தேடிக் கொடுப்பதும், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்குக் கூடப் போவதும்தான் அங்கே சபை செய்ய வேண்டிய சமாதான ஊழியம்.

தேர்தல் வரும்போது எதிர் அணியில் நிற்பவரின் வீட்டுக்கு ஓட்டுக் கேட்க அல்ல, சும்மா ஒருமுறை போய்வரலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய அவதூறு பொய் என்று தெரிந்தால், அனுப்பிய அதே குழுவில் அதைச் சொல்லலாம். கைகூப்பி முடித்துவிடும் சபைகள் பழையபடி கை சேர்க்கும் வழக்கத்துக்குத் திரும்பலாம். கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சுவர் நிற்கும் ஊர்களில், அதை இடிக்கச் சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் வந்து கேட்கட்டும் என்று இத்தனை காலம் காத்திருந்தோம். அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இந்தமுறை தீர்மானத்தை முன்மொழிகிறவரும் வழிமொழிகிறவரும் சுவரைக் கட்டினவர்களின் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கட்டும்.